செய்கூலியைக் கண்ணால் பார்க்க வாருங்கள்: மியூனிக் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

மியூனிக்கிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம்.

போன பொங்கல் விழாவுக்கு வந்திருந்த பலருக்கு என்னை முகத்தால் தெரிந்திருக்கும். சர்க்கரைப் பொங்கல் பரிமாறிய மேசைக்குப் பக்கத்தில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் நின்று வளையலைக் கழற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். "இது எத்தனை பவுன்?" "ஒன்றரை." "செய்கூலி எவ்வளவு போட்டாங்க?" "பதினாலு பர்சென்ட் சொன்னாங்க. பேசிப் பேசி எட்டுக்குக் கொண்டுவந்துட்டேன்." எல்லோரும் பாராட்டினோம். நானும்தான் பாராட்டினேன்.

அன்று இரவு படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. என் அப்பா மதுரையில் நாற்பது வருடம் நகை செய்த பத்தர். தெற்காவணி மூல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டு பேர் கால் நீட்டி உட்கார்ந்தால் நிறைந்துவிடும் பட்டறை அவருடையது. பேசிப் பேசிக் குறைக்கிறோமே அந்தச் செய்கூலி, அதில் கடைக்காரர் எடுத்தது போக மிச்சம் வந்ததில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நானே கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த இரவும், அதற்கு இரண்டு மாதம் கழித்து மார்ச்சில் நான் போய்ப் பார்த்த ஒரு கண்காட்சியும். பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் நம் வாசலிலேயே நடக்கும் ஒன்றுக்கு இப்போதுதான் முதல்முறை போனேன். அங்கே ஒரு தமிழ்க் குரல்கூட என் காதில் விழவில்லை. அதுதான் மனத்தை உறுத்துகிறது. நகையை நம்மைப் போலக் கவனித்துப் பார்க்கிற கூட்டம் உலகத்தில் எத்தனை இருக்கும்? நாம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். யூ-2 ரயிலில் மெஸ்ஸெஷ்டாட் வரை போய் ரீம் ஆர்க்காடனில் சாமான் வாங்காதவர் நம்மில் குறைவு. 1992 வரை மியூனிக்கின் விமான நிலையம் அந்த ரீமில்தான் இருந்தது. ஓடுபாதை கிடந்த இடத்தில் 1998 முதல் கண்காட்சி வளாகம் நடக்கிறது. குளிர் விலகத் தொடங்கும் நாட்களில், பெரும்பாலும் மார்ச்சில், அங்கே சர்வதேசக் கைவினைத் தொழில் கண்காட்சி ஐந்து நாள் நடக்கும். ஜெர்மனில் இன்டர்நாட்சியோனாலே ஹாண்ட்வெர்க்ஸ்மெஸ்ஸெ. தச்சர், கூரை போடுபவர், கணப்பு அடுப்பு கட்டுபவர், ரொட்டி சுடுபவர் என்று கையால் பிழைக்கிற எல்லாத் தொழிலுக்கும் அங்கே இடம் உண்டு. வீடு கட்டுகிற எண்ணம் உள்ளவர்கள் கதவு ஜன்னல் பார்க்கப் போவார்கள். அந்தக் கூடங்களை எல்லாம் தாண்டி நடந்தால் கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக நிற்கிற ஒரு பகுதி வரும். அதன் பெயர் ஷ்முக். ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு நகை என்று பொருள், அவ்வளவுதான்.

ஹெர்பர்ட் ஹோஃப்மான் என்பவர் 1959ல் தொடங்கிவைத்த கண்காட்சி அது. உலகம் முழுவதிலிருந்தும் சில நூறு பேர் விண்ணப்பிப்பார்கள். அதில் அறுபது பேர் அளவில் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். தேர்ந்தெடுப்பது ஒரே ஒருவர், ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும். அதனால் ஒவ்வொரு வருடமும் கண்காட்சிக்கு ஒரு தனி முகம் அமைந்துவிடுகிறது. ஹோஃப்மான் பெயரில் 1973 முதல் பரிசும் கொடுக்கிறார்கள். அதை வாங்குவதை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பெரிய கௌரவமாக நினைக்கிறார்கள். கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் செலவு செய்துகொண்டு வருகிறார்கள். நமக்கோ ரயில் பயணம் அரைமணி நேரம்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் மின்னாது. மரச்சில்லு, காகிதம், குதிரைமயிர், பிளாஸ்டிக், ஆற்றங்கரையில் பொறுக்கிய கூழாங்கல், துருவேறிய இரும்பு இதெல்லாம்தான் கண்ணில் படும். தங்கமும் இருக்கும், ஆனால் ஓரமாக, தன் வேலைக்குத் தேவையான அளவில் மட்டும். "இது நகையா?" என்று மனம் கேட்கும். எனக்கும் கேட்டது. பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் பத்து நிமிடம் அவள்தான் ஆர்வமாக ஓடி ஓடிப் பார்த்தாள், நான் விலைச்சீட்டு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கண் திறந்தது பக்கத்தில் ஃப்ரேம் என்ற பகுதியில். அங்கே பல நாட்டு நகைக் கூடங்கள் மேசை போட்டு விற்கின்றன. ஒரு மேசையில் உள்ளங்கை அகலத்தில், உடையில் குத்தும் ஊசி (புரோச்) ஒன்று இருந்தது. கறுத்த இரும்புத் தகடு, சுத்தியலால் தட்டித் தட்டி இலை போலக் குழித்தது. மேலே பாலாடை மாதிரி வெள்ளை எனாமல் பூச்சு படர்ந்து ஓரத்தில் மட்டும் இரும்பு தெரியும்படி விட்டிருந்தார்கள். "எடுத்துப் பார்க்கலாமா?" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் எடுத்து என் கையிலேயே வைத்தார். நான் உடனே திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். அப்பாவின் பழக்கம் அது. எந்த நகை கைக்கு வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டார், முதுகைத்தான் பார்ப்பார். "முன்னாடி ஊருக்குக் காட்ட. பின்னாடிதான் பத்தர் இருக்கான்" என்பார்.

அந்த ஊசியின் முதுகில் ஒரு பத்தர் இருந்தார். ஊசி சுழலும் கீல், ஒரு அரிசியில் பாதி அளவு. மூன்று குழாய்த் துண்டுகள், நடுவில் ஒரு கம்பி, இடையில் காற்றுப் போகிற இடைவெளிகூட இல்லை. பற்றவைத்த இடம் எது என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஊசிமுனை நீளமாகச் சரிந்து வந்து கடைசியில் மழுங்கலாக முடிந்திருந்தது. விரலில் வைத்துப் பார்த்தேன், குத்தவில்லை. "இப்படி மெருகேற்றினால் துணியின் இழையைக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு போகும்" என்றார் அந்த அம்மையார். பட்டுப் புடவையில் ஊசி குத்தி நூல் பிரிந்து வருத்தப்பட்ட நாட்கள் எத்தனை! எங்கோ முகம் தெரியாத ஒருவர், யாரோ ஒருத்தியின் புடவை கிழியக் கூடாது என்று ஊசிமுனைக்கு மெருகேற்றியிருக்கிறார்.

அப்புறம் பழக்கம் விடுமா? "எத்தனை கிராம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியாது. இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார். கையில் வைத்து ஆட்டிப் பார்த்து, "லேசுதான்" என்றார். பிறகு சொன்னார்: "ஆனால் எத்தனை நாள் ஆயிற்று என்று தெரியும். மூன்று வாரம்."

விலை 1,400 யூரோ. அதில் இருக்கும் இரும்பின் விலை ஒரு யூரோகூட வராது. மிச்சம் முழுவதும் என்ன? நம் கணக்கில் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. செய்கூலி. மேசைக்கு அந்தப் பக்கம் அதைச் சொல்ல யாரும் கூச்சப்படவில்லை, இந்தப் பக்கம் யாரும் குறைத்துக் கேட்கவில்லை. நான் அந்த இடத்தில் நின்று அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு பட்டறைக்குப் போயிருந்தேன். கடையிலிருந்து பழைய நகை ஒரு பொட்டலம் வந்திருந்தது, உருக்கிக் கட்டியாக்கித் தரச் சொல்லி. அப்பா ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துக்கொண்டே வந்தார். ஒரு அட்டிகை வந்தபோது கை நின்றுவிட்டது. திருப்பினார். கொக்கியைப் பார்த்தார். பிறகு கடைச் சீட்டைப் பார்த்தார், மறுபடியும் கொக்கியைப் பார்த்தார். அவரே செய்தது. கல்யாணத்துக்கு முன்னால் செய்ததாம், கொக்கியை உள்பக்கமாக ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுவது அவருக்கு மட்டும் இருந்த வழக்கம். கூந்தல் மாட்டாமல் இருக்க. இருபது நாள் வேலை என்றார். அன்று பவுன் கணக்கில் அதற்கு என்ன மதிப்போ அது சீட்டில் எழுதியிருந்தது. அந்த இருபது நாளுக்கு ஒரு பைசா எழுதியிருக்கவில்லை. வெங்காரத்தைத் தூவி, ஊதுகுழலை எடுத்தார். நான் வீட்டுக்குப் போய்விட்டேன்.

நம் ஊரில் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. பழைய நகையை மாற்றப் போனால் உருக்கி வரும் தங்கத்துக்குத்தான் காசு. வாங்கும்போது கொடுத்த செய்கூலி காற்றோடு போனது. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள், நாமும் சந்தோஷமாகப் போகிறோம். ஒரு பொருளைச் செய்ததற்குக் கூலி இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிற தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கம் வாங்குவதைக் குறை சொல்ல நான் வரவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம் பெண்களில் எத்தனையோ பேருக்குத் தன் பேரில் இருந்த ஒரே சொத்து கழுத்திலும் கையிலும் இருந்ததுதான். என் கல்லூரிக் கட்டணம் அம்மாவின் வளையல். அடகுக் கடைக்குப் போகும் முன் அம்மா சோப்பு போட்டு வளையலைக் கழற்றிய பிறகு மணிக்கட்டில் ஒரு வெளிர்த் தடம் இருந்தது. பல மாதம் அந்தத் தடம் போகவில்லை. நெதர்லாந்தில் கெய்ஸ் பாக்கர் என்ற வடிவமைப்பாளர் 1973ல் ஒரு வேலை செய்தார். மெல்லிய தங்கக் கம்பியைப் புஜத்தில் இறுக்கிக் கட்டி, பிறகு கழற்றிவிட்டார். தோலில் பதிந்து நின்ற அந்தத் தடத்தைத்தான் நகை என்றார். கண்காட்சியில் ஒருவர் இதைச் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் புது யோசனை என்று ரசித்தார்கள். எனக்கு மட்டும் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த நகையை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

நீங்கள் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். அங்கே உள்ளவை அந்நியமாகத் தெரியும், ஆனால் அவை எழுப்புகிற கேள்வி நம் வீட்டுக் கேள்வி. தங்கம் எது, நகை எது? இரண்டும் ஒன்றா? மியூனிக்கில் ஐம்பது அறுபது வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்குள்ள நுண்கலை அகாடமியில் நகைக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. 1972 முதல் 1990 வரை அங்கே கற்பித்த ஹெர்மன் யுங்கர் முறைப்படி பொற்கொல்லர் வேலை கற்றவர். ஒரு பெட்டிக்குள் பல பதக்கங்களைச் செய்து வைப்பார், எதை எந்த வரிசையில் கோத்துப் போடுவது என்பது போடுகிறவர் இஷ்டம். அவருக்குப் பின் வந்த ஓட்டோ குன்ஸ்லி, ஸ்விட்சர்லாந்துக்காரர், 1980ல் ஒரு கைவளை செய்தார். கறுப்பு ரப்பர் குழாய், ஓர் இடத்தில் மட்டும் உருண்டையாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் ஒரு தங்கக் குண்டு இருக்கிறது. வெளியே தெரியாது. நம்பினால் நம்பலாம். அதற்கு அவர் வைத்த பெயர் "தங்கம் கண்ணை மறைக்கும்". இதைப் பற்றி நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினால் எவ்வளவு நேரம் பேசலாம்!

அவரே 1985-86ல் செய்த இன்னொன்று என்னை இன்றுவரை விடவில்லை. யார் யாரோ போட்டிருந்த 48 திருமண மோதிரங்களைச் சேர்த்து, ஒன்றை ஒன்றில் கோத்து ஒரு சங்கிலியாக்கியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணத் தங்கச் சங்கிலி. 48 கல்யாணம் அதில் தொங்குகிறது என்று தெரிந்த பிறகு யாருக்குக் கழுத்தில் போட மனம் வரும்? அப்பாவிடம் யாராவது தாலியை உருக்கக் கொண்டுவந்தால் உடனே வாங்கி உலையில் போடமாட்டார். "இன்னைக்கு வேண்டாம், ஒரு நாள் போகட்டும், நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுவார். சிலர் மறுநாள் வரமாட்டார்கள். எடை ஒன்றுதான், உலோகம் ஒன்றுதான், ஆனாலும் அது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பேராசிரியராகத் தெரிந்துகொண்டதும் பட்டறையில் கால் மடக்கி உட்கார்ந்து தெரிந்துகொண்டதும் ஒரே விஷயம்தான்.

கண்காட்சியில் உள்ள எல்லாமே அருமை என்று சொல்லமாட்டேன். சில எனக்குப் பிடிக்கவே இல்லை. போட்டால் கழுத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு மாலை இருந்தது, விளக்கம் நீளமாக இருந்தது, வேலை குறைவாக இருந்தது. நீங்களும் அப்படிச் சிலவற்றின் முன் நின்று உதட்டைப் பிதுக்குவீர்கள். அதனால் என்ன, பிதுக்குங்கள். பட்டுச்சேலை வாங்கப் போனால் நாற்பது சேலை விரித்துப் போட்டு ஒன்றை எடுப்பதில்லையா?

இன்னொரு இடத்தையும் தவறவிடாதீர்கள். எக்ஸெம்ப்லா என்று ஒரு பகுதி, அங்கே தொழிலாளிகள் நம் கண்ணெதிரே உட்கார்ந்து வேலை செய்வார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு பொற்கொல்லர் மேசை. இருபது வயதுகூட இருக்காது, ஒரு பெண் பயிற்சியில் இருக்கிறாள். மேசையின் விளிம்பு அரைவட்டமாக வெட்டியிருந்தது, அதன் அடியில் மடிக்கு மேலே ஒரு தோலைத் தொட்டில் போலக் கட்டியிருந்தார்கள். அரம் போடும்போது உதிர்கிற பொடி அதில் விழும், ஒரு துகள் வீணாகாது. அப்பாவுக்கு மேசை கிடையாது, தரையில் உட்காருவார், மடியில் ஒரு துணி. சாயங்காலம் அந்தத் துணியை உதறாமல் நாலு மூலையும் சேர்த்து மடித்து வைப்பார். பட்டறையைப் பெருக்கிய மண்ணைக்கூட விலைக்கு வாங்கிப் போய் அலசித் தங்கம் எடுக்கிறவர்கள் எங்கள் சந்துக்கு வருவார்கள். தோல் வேறு, துணி வேறு, எண்ணம் ஒன்று. நான் இதை அந்தப் பெண்ணிடம் என் ஜெர்மனில் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "உங்கள் அப்பா எத்தனை வருடம் பயிற்சி எடுத்தார்?" என்றாள். இந்த நாட்டில் பொற்கொல்லர் பயிற்சி மூன்றரை வருடம், பெரும்பகுதி பட்டறையில், மிச்சம் தொழிற்பள்ளியில். முடிவில் கைவினைத் தொழில் மன்றம் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கும். அதற்கு மேலே படித்தால் மைஸ்டர், அதாவது தொழிலில் ஆசான் என்ற பட்டம். அப்பாவுக்கு ஏழு வயதில் ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. காகிதம் எதுவும் கிடையாது. அதைச் சொன்னேன். "அப்படியானால் அவர் மைஸ்டர்" என்றாள். அவ்வளவு இயல்பாகச் சொன்னாள்.

என் மகள் தாத்தாவைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்த மேசையைக் காட்டி, "தாத்தா இதையா செய்தார்?" என்று கேட்டாள். அந்தப் பெண் உடனே ஒரு பித்தளைத் தகட்டையும் மயிரிழை மாதிரி ரம்பக்கம்பி மாட்டிய சட்டத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டாள். மகள் தகட்டில் பென்சிலால் ஒரு மீன் வரைந்தாள். மதுரைக்காரியின் மகள் வேறு என்ன வரைவாள்? அறுக்க ஆரம்பித்தாள். டக்கென்று கம்பி உடைந்தது. மாற்றிக் கொடுத்தாள். மறுபடி உடைந்தது. "அழுத்தாதே, ரம்பத்துக்கு வழி தெரியும், நீ தகட்டைத் திருப்பு" என்று அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தாள். முக்கால் மணி நேரம். வால் ஒரு பக்கம் கோணல், செதில் இருக்க வேண்டிய இடத்தில் பிசிறு. அவள் மூக்குநுனி முழுக்கப் பித்தளைப் பொடி. அன்று இரவு சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள்: "ஒரு மீனுக்கே இவ்வளவு நேரம் ஆகிறதே, உன் அட்டிகையை எத்தனை நாள் செய்தார்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. யார் செய்தார்கள் என்றும் தெரியவில்லை. எத்தனை கிராம் என்பது மட்டும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை தெரியும்.

இதற்காகத்தான் எழுதுகிறேன். தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வார இறுதியில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியின் சனிக்கிழமை அன்று வேறு நிகழ்ச்சி எதுவும் வைக்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். சாமணம், குறடு, அரம், உலை, உரைகல், குன்றிமணி என்று நம் மொழியில் இந்தத் தொழிலுக்கு எத்தனை சொல் இருக்கிறது! புத்தகத்தில் படித்தால் மறுநாள் மறந்துவிடும். பொருளைக் கையில் பிடித்துச் சொன்னால் நிற்கும். பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும், நான் கூடவே நடந்து வருகிறேன். நம்மில் வேறு யாராவது பத்தர் வீட்டிலிருந்தோ கன்னார் வீட்டிலிருந்தோ தச்சர் வீட்டிலிருந்தோ வந்திருந்தால் தயவுசெய்து முன்வாருங்கள். இங்கே வந்து அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகு அப்பா தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்ட காலம் எனக்கும் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் எத்தனை பேரிடம் "அப்பா பிசினஸ்" என்று சொல்லியிருப்பேன்! இந்த நாட்டில் அதைச் சொன்னால் நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள்.

கண்காட்சிச் சீட்டு செலவு என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே வாரத்தில் ஊருக்குள்ளும் நகை வாரம் நடக்கும். ஓவியக்கூடம், கடை, பட்டறை, வீட்டு முற்றம் என்று பல இடங்களில் சிறுசிறு கண்காட்சி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் கட்டணம் இல்லை. மாக்ஸ்-யோசெஃப் தெருவில் கைவினைத் தொழில் மன்றத்தின் கலைக்கூடம் இருக்கிறது, அங்கேயும் அந்த நாட்களில் போய்ப் பாருங்கள். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம் என்றால் பினக்கோதெக் டெர் மொடெர்னெ அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்றைக்கு நுழைவு 1 யூரோ, பதினெட்டு வயதுக்குள் இருந்தால் இலவசம். படி இறங்கிப் போனால் டன்னர் ரொடுண்டே என்று நகைக்கென்றே வட்டமாக ஓர் அறை, 2004ல் திறந்தது. கூட்டம் இருக்காது, நிதானமாகச் சுற்றலாம்.

போனால் கேளுங்கள். செய்தவர்கள் பலர் அங்கேயே நிற்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். எப்படிப் பற்றவைத்தீர்கள், ஏன் இந்த மரம், பின்பக்கத்தைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். ஜெர்மன் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை, கையைப் பார்த்துக் கை புரிந்துகொள்ளும்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது ஒன்று. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போவீர்கள், நானும் போவேன். எடை பாருங்கள், முத்திரை பாருங்கள், 916 இருக்கிறதா என்று பாருங்கள், அதெல்லாம் நம் பணம், பார்க்கத்தான் வேண்டும். கூடவே "இதை யார் செய்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கடையில் இருக்கும் பையனுக்குத் தெரியாமல் இருக்கலாம், இயந்திரத்தில் வார்த்தது என்றும் சொல்லலாம். கையால் செய்தது என்றால் அந்தப் பட்டறை எங்கே என்று விசாரியுங்கள், நேரே போய்ச் செய்யச் சொல்லுங்கள். மதுரையிலும் கோயம்புத்தூரிலும் நாகர்கோவில் வடசேரியிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள். பொங்கலன்று எட்டுக்குக் குறைத்த அந்தத் தோழியிடம் இதை நேரில் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்கு யாரும் இப்படிச் சொன்னதே இல்லை" என்றார். அடுத்த முறை கூடவே வருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த கண்காட்சிக்குத் தேதி அறிவித்ததும் நம் குழுவில் போடுகிறேன். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மெஸ்ஸெஷ்டாட் வெஸ்ட் நிலையத்தில், மேலே ஏறி வந்ததும் படிக்கட்டுப் பக்கம் நானும் மகளும் நிற்போம். என்னைத் தெரியாதவர்கள் அவளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை மீன் போட்டிருப்பாள், வால் கொஞ்சம் கோணலாக இருக்கும். எத்தனை ரம்பக்கம்பி உடைந்தது என்று கேட்டால் சொல்வாள்.

அன்புடன்,
மதுரைப் பத்தர் ஒருவரின் மகள்,
மியூனிக்